ஹ்மோங் மக்களும் அமெரிக்க மருத்துவமனையும்: ஆன்மா தொலைந்தால் என்ன செய்வார்கள்?

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின், கலிஃபோர்னியா மாநிலங்களில் வாழும் ஹ்மோங் மக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது மோதல்கள்தான். ஆபரேஷனுக்குச் சம்மதிக்காத பெற்றோர், பிரேதப் பரிசோதனையை எதிர்த்து வழக்கு, மூன்று நான்கு நாள் இரவு பகலாக நடக்கும் சாவுச் சடங்கு. மலையில் வாழ்ந்தவர்கள், நவீன மருத்துவம் பிடிபடவில்லை என்று முடிவுகட்டிவிடுவது சுலபம். அது அநியாயமான முடிவு. இந்த மோதல்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து: மனிதனின் ஆன்மா உடம்பை விட்டுப் போகக்கூடியது, போன இடத்துக்கே போய் அதைக் கூப்பிட்டு வர வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும். சண்டை பெரும்பாலும் எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் பேசுவது, யார் முடிவெடுப்பது என்பதில்தான் வருகிறது என்பதும் தெரியும். அதையெல்லாம் பேசிச் சரிசெய்ய முடியும்.

முதலில் அவர்கள் அமெரிக்காவுக்கு வந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். தென் சீன மலைகளில் இருந்து பல தலைமுறைகளாக லாவோஸ், வியட்நாம், தாய்லாந்து மலைகளுக்கு இறங்கிவந்தவர்கள் ஹ்மோங் மக்கள். 1962 ஜெனீவா ஒப்பந்தம் லாவோஸை நடுநிலை நாடு என்று அறிவித்தது. அமெரிக்கா வெளிப்படையாகப் படை அனுப்ப முடியாது. அதனால் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக, ஹ்மோங் ஜெனரல் வாங் பாவ் தலைமையில் ஹ்மோங் படை ஒன்றை ஆயுதமும் சம்பளமும் கொடுத்து நடத்தியது. வியட்நாம் போரில் அமெரிக்கத் தரப்பு தோற்றபோது, 1975 மே 14 அன்று, வாங் பாவ் லாவோஸின் லோங் செங் படைத்தளத்திலிருந்து விமானத்தில் வெளியேறினார். பின்தங்கியவர்கள் காடு வழியாக நடந்து, மீக்காங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குத் தப்பினார்கள். ஆற்றிலேயே இறந்தவர்கள் பலர். பான் வினாய் போன்ற அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு அமெரிக்கா வந்தார்கள். கடைசிப் பெரிய கூட்டம், சுமார் 15,000 பேர், தாய்லாந்தின் வாட் தம் கிரபோக் கோயில் வளாகத்திலிருந்து 2004இல் தொடங்கி வந்து சேர்ந்தது. 2010 மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் ஹ்மோங் மக்கள் சுமார் 2,60,000 பேர்.

வந்தவர்களை அமெரிக்க அரசும் தேவாலயங்களும் ஊர் ஊராகப் பிரித்துக் குடியேற்றின. ஒரே இடத்தில் சுமை ஏறக்கூடாது என்பது கணக்கு. ஹ்மோங் சமூகம் அப்படிப் பிரிந்து வாழக்கூடியதல்ல. அமெரிக்காவில் பொதுவாகப் பதினெட்டுக் குலங்கள் என்பார்கள்: வாங், யாங், ஷியோங், லீ, மோவா, ஹெர், தாவ், வூ, லோர், இப்படி. ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது, எல்லோரும் பங்காளிகள். நோயோ சாவோ கல்யாணமோ, முடிவெடுப்பதற்குக் குலத்துப் பெரியவர்கள் வேண்டும். சடங்கு தெரிந்தவர், பாட்டு தெரிந்தவர், பன்றி அறுக்கத் தெரிந்தவர் எல்லோரும் பக்கத்தில் வேண்டும். அதனால் சில வருடங்களிலேயே குடும்பங்கள் தாங்களாகவே பெயர்ந்து செயின்ட் பால், ஃபிரெஸ்னோ, மெர்சட், மில்வாக்கி, வாசா போன்ற ஊர்களில் ஒன்றுசேர்ந்தன. இதை நன்றியில்லாத்தனம் என்று பேசியவர்களும் உண்டு. சடங்கு செய்ய ஆள் இல்லாத ஊரில் ஒரு ஹ்மோங் குடும்பம் எப்படி இருக்கும் என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

ஆன்மாவும் ஆவிகளும்

ஆன்மாவை ஹ்மோங் மொழியில் ப்லீ என்பார்கள். ஒருவருக்கு ஒன்றல்ல, பல ஆன்மாக்கள். எத்தனை என்பதில் குலத்துக்குக் குலம் கணக்கு மாறும். இறந்தபின் மூன்று என்று சொல்வது பரவலான வழக்கம். திடீர்ப் பயம், விபத்து, பெரிய துக்கம், மயக்கமருந்து, ஊர்விட்டு ஊர் போவது, இவற்றில் எதனாலும் ஒரு ஆன்மா உடம்பைவிட்டு விலகலாம். பச்சைக் குழந்தையின் ஆன்மா சத்தமாகக் கதவு சாத்தினாலே போய்விடக்கூடும். டா எனப்படும் ஆவிகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். தூக்கமின்மை, பசியின்மை, சோர்வு, மாறாத காய்ச்சல் எல்லாம் ஆன்மா இல்லாத உடம்பின் அறிகுறிகள்.

இதற்கு இரண்டு நிலையில் வைத்தியம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

முதலாவது ஹு ப்லீ, அதாவது ஆன்மாவைக் கூப்பிடுவது. குடும்பத்தில் மந்திரம் தெரிந்த பெரியவர் ஒருவரே செய்துவிடலாம். வாசல் கதவைத் திறந்து வைத்து, வெளியே பார்த்து நின்று கூப்பிடுவார். ஒரு கிண்ணத்தில் அரிசி, அதன்மேல் முட்டை, ஊதுபத்தி, உயிரோடு சேவலும் கோழியும், நெடுக்காகப் பிளந்த எருமைக்கொம்பு ஒரு ஜோடி. நடுநடுவே கொம்புகளைத் தரையில் போடுவார். அவை விழும் விதம்தான் ஆன்மா வந்ததா இல்லையா என்பதற்கு விடை. பிறகு கோழிகளை அறுத்து வேகவைத்து, கால்விரல்களும் நாக்கெலும்பும் எப்படி வளைந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். கடைசியில் வந்திருக்கும் உறவினர் ஒவ்வொருவரும் நோயாளியின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்துவார்கள். வந்த ஆன்மா மறுபடி ஓடாமல் இருக்கத்தான் இந்தக் கட்டு. இந்த நூல் பின்னால் மருத்துவமனையில் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கூப்பிட்டும் வராதபோது ட்சீ நெங் என்னும் ஷாமனை, அதாவது ஆவியுலகோடு தொடர்புள்ள சடங்குக்காரரை, அழைப்பது. இவர் தானாக விரும்பி இந்த வேலைக்கு வருவதில்லை. நீண்ட நாள் விளங்காத நோயில் கிடந்து, தன்னை உதவி ஆவிகள் தேர்ந்திருக்கின்றன என்று மூத்த ஷாமன் ஒருவர் சொன்ன பிறகு, அவரிடமே கற்றுக்கொள்வார். பெண்களும் ஷாமன் ஆகலாம். சடங்கின்போது முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நீண்ட பெஞ்சில் உட்காருவார். அந்த பெஞ்சுதான் அவருடைய குதிரை. உதவியாளர் தாளக்கருவியை இடைவிடாமல் அடிக்க, ஷாமன் கையில் சலங்கையைக் குலுக்கிக்கொண்டு மறுஉலகுக்குப் பயணம் போவார். பல மணி நேரம் ஆகும். முதல் சடங்கு காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு. நோயாளி தேறினால்தான் இரண்டாவது, குணப்படுத்தும் சடங்கு. அதில் பெரும்பாலும் பன்றி பலி உண்டு. பிடிபட்டிருக்கும் ஆன்மாவுக்கு ஈடாகப் பன்றியின் ஆன்மாவைக் கொடுத்து மீட்பது அதன் நோக்கம். காகிதப் பணம் எரித்துப் பன்றிக்குக் கூலியும் கொடுத்துவிடுவார்கள். அறுத்த பன்றி வந்தவர்களுக்கு விருந்தாகும், ஒரு துண்டுகூட வீணாகாது.

விலங்குப் பலிக்கு அமெரிக்காவில் தடை இருக்காதா என்று தோன்றும். மதச்சடங்கை மட்டும் குறிவைத்துத் தடைபோடும் ஊராட்சி விதி செல்லாது என்று 1993இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சான்டேரியா என்னும் வேறொரு மதத்தாரின் வழக்கு என்றாலும் ஹ்மோங் மக்களுக்கும் பொருந்தும். நகர எல்லைக்குள் பன்றி வைத்துக்கொள்ளவும் அறுக்கவும் உள்ள பொதுவான சுகாதார விதிகள் அப்படியே இருக்கின்றன. அதனால் பலர் பண்ணையிலோ இறைச்சிக்கூடத்திலோ அறுத்துக்கொள்கிறார்கள்.

மருத்துவமனையில் எங்கே இடிக்கிறது

முதல் கேள்வி: சடங்கை வீட்டிலேயே செய்துகொள்ளலாமே, ஆஸ்பத்திரி அறைக்குள் எதற்கு? ஆன்மா எந்த இடத்தில் பயந்து விலகியதோ அந்த இடத்திலிருந்துதான் கூப்பிட வேண்டும். ஆபரேஷன் அறையில் மயக்கமருந்து கொடுத்தபோது விலகியிருந்தால், அது அந்தக் கட்டடத்தில்தான் நின்றுகொண்டிருக்கும். கூப்பிடாமல் நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போனால் உடம்பு மட்டுமே வீடு வந்ததாக அர்த்தம்.

ரத்தம் எடுப்பது இன்னொரு தகராறு. உடம்பில் உள்ள ரத்தம் ஓர் அளவுதான், எடுத்தால் ஊறாது என்று மூத்தவர்கள் பலர் நம்புகிறார்கள். தினமும் காலையில் ஒரு புதிய ஆள் வந்து மூன்று நான்கு குழாய் எடுத்துப் போனால் பயம் ஏறத்தானே செய்யும்? ஒரு சிறு குழாய் ஏறக்குறைய 5 மில்லிலிட்டர்; பெரியவர் உடம்பில் நாலரை முதல் ஐந்து லிட்டர். இதை ஒரு தேக்கரண்டி, ஐந்து பாட்டில் தண்ணீர் என்று கண்முன் வைத்துக் காட்டி, எத்தனை குழாய், எதற்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மறுப்பு வெகுவாகக் குறையும். தேவையான பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்து ஊசி குத்தும் தடவையைக் குறைப்பது அதைவிட நல்லது.

மணிக்கட்டு நூலை நர்ஸ் கத்தரியால் வெட்டிவிடுவது சின்ன விஷயம்போல் தெரியும். அது உண்மையில் பெரிய அடி. ஆபரேஷனுக்குக் கை வேண்டும் என்றால் நூலை வேறு இடத்துக்கு நகர்த்தலாம், மேலே டேப் ஒட்டி மூடலாம், முடியவே முடியாது என்றால் வீட்டாரே அவிழ்க்கும்படி கேட்கலாம். முதுகில் நாணயத்தால் தேய்த்த சிவப்புக் கோடுகளும், கிண்ணம் வைத்து இழுத்த வட்டத் தழும்புகளும் காய்ச்சலுக்கும் வலிக்கும் செய்யும் வீட்டு வைத்தியம். அடித்த காயம் என்று நினைத்துக் குழந்தைகள் நல அதிகாரிகளைக் கூப்பிட்டால் அந்தக் குடும்பம் மறுபடி அந்த வாசலை மிதிக்காது.

வாய்வார்த்தையிலும் கவனம் வேண்டும். "உங்கள் அப்பா ஆறு மாதத்தில் இறந்துவிடுவார்" என்று மருத்துவர் சொன்னால் அது தகவலாகக் கேட்காது, சாபமாகக் கேட்கும். "இந்த நோய் வந்தவர்கள் சிலர் சீக்கிரம் பலவீனமாகிவிடுகிறார்கள்" என்று வேறொருவர் மேல் வைத்துச் சொன்னால் செய்தி போய்ச் சேரும். குழந்தையைப் பார்த்து எவ்வளவு அழகு என்று வாய்விட்டுப் புகழ்வதும் வேண்டாம். ஆவிகள் காதில் விழும். மருத்துவர் பேசும்போது பெரியவர் தலையாட்டினால், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் பெரும்பாலும் பொருள். அதைச் சம்மதமாக எழுதிக்கொள்ளக்கூடாது. முடிவு அவர் கையில் மட்டும் இல்லை. குலத்துப் பெரியவர்களைக் கலந்து பேச அவகாசம் கேட்பார்கள். அவசர ஆபரேஷன் தவிர மற்றதற்கு ஒரு நாள் கொடுத்தால் பெரும்பாலும் பதில் வந்துவிடும்.

மொழிபெயர்ப்பில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அம்மாவின் கர்ப்பப்பை பற்றிப் பத்து வயதுப் பையன் அப்பா முன்னால் எப்படிச் சொல்வான்? தெரிந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடுவான். கலிஃபோர்னியாவின் மெர்சட்டில் 1980களில் வலிப்பு நோய் வந்த ஒரு ஹ்மோங் குழந்தைக்கு நடந்தது இன்றும் அமெரிக்க மருத்துவப் படிப்பில் பாடமாகச் சொல்லப்படுகிறது. மருந்துகளும் அளவும் இருபது தடவைக்கு மேல் மாற்றப்பட்டன. சீட்டெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. பெற்றோருக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. மருந்தைச் சரியாகக் கொடுக்கவில்லை என்று குழந்தையைப் பிரித்து வேறு குடும்பத்தில் வைத்தார்கள். திரும்பி வந்த சில மாதங்களில் நீண்ட வலிப்பு ஒன்றில் மூளை செயலிழந்தது. அந்தக் கடைசி வலிப்பின்போது குழந்தைக்கு ரத்தத்தில் கடுமையான கிருமித்தொற்று இருந்தது. பெற்றோர் அதன்பிறகு அவளை வீட்டிலேயே வைத்து, 2012இல் அவள் இறக்கும்வரை இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டார்கள். அன்பு இல்லாத வீடு அது என்று யாரும் சொல்ல முடியாது. மருத்துவர்களும் அக்கறையில்லாதவர்கள் அல்ல. ஒரே மாத்திரையை ஒரே வேளையில் கொடுக்கும்படி எளிதாக்கி, சாயம் பூசிய குறியிட்டு, நல்ல மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லியிருந்தால் நிறைய மாறியிருக்கும்.

அதே மெர்சட்டில் 2009இல் மெர்சி மருத்துவமனை ஷாமன்களுக்கென்று எழுத்துப்பூர்வமான விதிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. ஒன்பது வகைச் சடங்குகளை மருத்துவமனைக்குள்ளேயே செய்யலாம். ஆன்மாவைக் கூப்பிடுவதும் தணிந்த குரலில் மந்திரம் ஓதுவதும் அதில் அடக்கம். ஷாமன்களுக்கு அடையாள அட்டை உண்டு. கிருமி என்றால் என்ன, ஆபரேஷன் அறை எப்படி இயங்குகிறது என்று பயிற்சியும் உண்டு. ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்புக்கு இடமில்லை என்பதை ஷாமன்கள் புரிந்துகொண்டார்கள். கூப்பிடாமல் அனுப்பினால் நோயாளி வீட்டில் குணமாகமாட்டார் என்பதை மருத்துவர்கள் புரிந்துகொண்டார்கள். பலியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஷாமனே "ஆபரேஷன் செய்துகொள்" என்று சொல்லும்போது மறுப்பவர்கள் குறைவு.

பிள்ளைப்பேறு

பிரசவமான பெண்ணுக்கு முப்பது நாள் பத்தியம். புதுக் கோழியை மூலிகை போட்டு வேகவைத்த சூடான ரசம், சோறு, வெந்நீர், இவ்வளவுதான். குளிர்ந்தது எதுவும் கூடாது. இப்போது குளிர்ச்சி ஏறினால் வயதானபின் மூட்டுவலியாக வரும் என்பார்கள். அமெரிக்க மருத்துவமனையில் பிரசவம் முடிந்த கையோடு ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். அவள் தொடமாட்டாள், "தாய் தண்ணீர் குடிக்க மறுக்கிறாள்" என்று குறிப்பு எழுதுவார்கள். வெந்நீர் கொடுத்து, வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுமதித்தால் தீர்ந்தது.

நஞ்சுக்கொடியின் விஷயம் இதைவிட ஆழமானது. லாவோஸில் ஆண் குழந்தையின் நஞ்சுக்கொடியை வீட்டின் நடுக்கம்பத்தடியிலும் பெண் குழந்தையுடையதைப் பெற்றோர் படுக்கைக்கு அடியிலும் புதைப்பார்கள். அதுதான் மனிதனின் முதல் சட்டை. இறந்தபின் ஆன்மா பிறந்த இடத்துக்குத் திரும்பிப் போய் அந்தச் சட்டையை அணிந்துகொண்டுதான் முன்னோர்களிடம் போக முடியும். அமெரிக்க மருத்துவமனைகள் அதை மருத்துவக் கழிவாக எரித்துவிடுகின்றன. ஹவாயி, ஓரிகன், டெக்சஸ் மாநிலங்களில் தாய் கேட்டால் எடுத்துப்போகச் சட்டமே இருக்கிறது. மற்ற இடங்களில் அந்தந்த மருத்துவமனையின் விதி. கேட்பதாக இருந்தால் பிரசவத்துக்குப் பல வாரம் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பிரசவ அறையில் கேட்டால் காலதாமதம்.

மூன்றாம் நாள் குழந்தைக்கு ஹு ப்லீ செய்து பெயர் வைப்பார்கள். அதன்பிறகுதான் குழந்தை முழுதாகக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிசேரியன் ஆகி மூன்றாம் நாளும் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால் குடும்பம் ஏன் அவ்வளவு தவிக்கிறது என்பது இப்போது விளங்கும்.

சாவு

அமெரிக்கச் சவ அடக்க நிலையங்களில் உடலைப் பார்க்க மாலையில் சில மணி நேரம் ஒதுக்குவார்கள், மறுநாள் அடக்கம். ஹ்மோங் சாவுக்குச் சாதாரணமாக மூன்று நான்கு நாள் வேண்டும், இரவும் சேர்த்து. வேலைக்குப் போகும் உறவினருக்காக இப்போது வெள்ளி முதல் திங்கள்வரை வைத்துக்கொள்கிறார்கள். இதற்கென்றே சமையலறையோடு, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் ஹ்மோங் நிலையங்கள் செயின்ட் பாலிலும் ஃபிரெஸ்னோவிலும் இருக்கின்றன. வார இறுதிகள் மட்டுமே என்பதால் இடம் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது.

உடலுக்குச் சணல் உடையும் சணல் செருப்பும் போடுவார்கள். பொத்தான், ஜிப், ஊக்கு எதிலும் உலோகம் இருக்கக்கூடாது, பிளாஸ்டிக்கும் கூடாது. மறுபிறவியில் உடம்புக்குக் கேடு. பெட்டியும் ஆணியில்லாத மரப்பெட்டி. ஆபரேஷனில் உள்ளே வைத்த தகடு, திருகு பற்றிக் குடும்பம் கவலையோடு கேட்பதற்கும் இதுதான் காரணம்.

வழிகாட்டும் பாட்டுதான் சடங்கின் மையம். பாட்டுக்காரர் இறந்தவரின் ஆன்மாவை வாழ்ந்த இடங்கள் வழியாகத் தலைகீழ் வரிசையில் அழைத்துப் போவார்: செயின்ட் பால் வீடு, அதற்கு முந்தைய ஊர், முதலில் வந்திறங்கிய ஊர், தாய்லாந்து முகாம், ஆறு, லாவோஸ் கிராமங்கள், கடைசியில் பிறந்த வீடு. ஒவ்வோர் இடத்தின் ஆவிக்கும் நன்றி சொல்லித் தாண்ட வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனால் ஆன்மா அங்கேயே தங்கிவிடும். அதனால் குடும்பம் உட்கார்ந்து இறந்தவர் குடியிருந்த ஊர்களை வரிசையாக எழுதிக் கொடுக்கும். போரில் பத்து முறை இடம்பெயர்ந்த பாட்டிக்கு இந்தப் பட்டியல் போடுவது லேசான வேலை இல்லை. உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பவர்கள் புத்திசாலிகள்.

பிறகு கெங் வாசிப்பவர் வருவார். ஆறு மூங்கில் குழாய் செருகிய ஊதுகருவி அது. ஊதினாலும் இழுத்தாலும் ஒலிக்கும், ஆகவே இசை அறுவதில்லை. ஹ்மோங் மொழியில் சொல்லின் சுருதி மாறினால் பொருள் மாறும், அந்தச் சுருதிகளை வைத்துக் கெங் வார்த்தைகளையே பேசுகிறது. இறந்தவருக்குச் சொல்வதை வாயால் சொல்லாமல் கெங்கால் சொல்வது சடங்கின் முறை. வாசிப்பவர் மேளத்தைச் சுற்றிச் சுழன்று சுழன்று வாசிப்பார். கற்றுக்கொள்ளப் பல வருடம் பிடிக்கும். இப்போது அமெரிக்காவில் பிறந்த பையன்கள் இதற்கென்று வகுப்புக்குப் போகிறார்கள்.

பிரேதப் பரிசோதனையை இவர்கள் எதிர்ப்பதும் இந்தப் பயணத்தை வைத்துத்தான். உடல் முழுதாக இருக்க வேண்டும். ரோட் ஐலண்டில் தூக்கத்தில் வலிப்பு வந்து இறந்த இளைஞரின் உடலைப் பெற்றோரைக் கேட்காமல் அறுத்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். மத்திய நீதிபதி 1990இல் முதலில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் மதச் சுதந்திரம் பற்றி உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கொடுத்த தீர்ப்பு அவர் கையைக் கட்டிப்போட்டது. மனமில்லாமல் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார். கலிஃபோர்னியாவில் மதக்காரணத்தால் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டு வைக்கச் சட்டம் இடம் தருகிறது. குற்றம் நடந்த சந்தேகமோ பரவும் நோயோ இருந்தால் அந்தக் காகிதம் நிற்காது.

இன்று நடைமுறையில் அதிகம் சிக்கல் தருவது வேறொன்று. ஹ்மோங் கல்யாணம் மே கோங் எனப்படும் தூதர்கள் இரு குலத்துக்கும் நடுவே பேசி முடித்ததுமே கல்யாணம்தான். குலத்தின் கண்ணில் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அரசு லைசென்ஸ் வாங்காமல் முப்பது நாற்பது ஆண்டு வாழ்ந்த தம்பதிகள் இருக்கிறார்கள். மினசோட்டா, விஸ்கான்சின், கலிஃபோர்னியா மூன்றிலும் அங்கே சேர்ந்து வாழ்ந்ததை மட்டும் வைத்துச் சட்டம் கல்யாணமாக ஏற்பதில்லை. கணவர் இறந்தால், உடலை யார் பெற்றுக்கொள்வது, எந்த முறைப்படி அடக்கம் என்று சொல்லும் உரிமை மனைவியைத் தாண்டிப் பிள்ளைகளுக்குப் போய்விடலாம். பிள்ளைகளில் பாதிப்பேர் கிறிஸ்தவர்களாகி, பாதிப்பேர் பழைய முறையில் இருந்தால், அடக்க நிலையத்து அலுவலகத்திலேயே சண்டை மூளும். இதற்கு மூன்று காகிதம் போதும்: கல்யாண லைசென்ஸ், மருத்துவ முடிவு எடுப்பவர் யார் என்ற அதிகாரப் பத்திரம், தன் அடக்கம் எந்த முறையில் யார் பொறுப்பில் நடக்க வேண்டும் என்று சாட்சியோடு கையெழுத்திட்ட தாள். மூன்றாவது தாளிலேயே குடியிருந்த ஊர்களின் பட்டியலையும் சேர்த்துவிடலாம். பாட்டுக்காரருக்கு அது கட்டாயம் வேண்டும்.